நோரின்கோ 1911-ஆ, ஹை-பவரா: சதைக்கையைக் கடிக்காத பழைய பாணிப் பிஸ்டல் எது?

3 பிப்ரவரி 2024 · சட்ஸ்வொர்த் 3

பழைய பாணிப் பிஸ்டல் ஒன்று வேண்டும், ரேஞ்சில் சுட மட்டும். டர்பன் கடை ஒன்றில் இரண்டு எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று சீனாவின் நோரின்கோ 1911ஏ1, .45. இன்னொன்று பழைய எஃப்என் ஹை-பவர், 9 மிமீ, வளைய ஹேமர் (பின்னாலுள்ள சுத்தியல்). என் கை சதைப்பிடிப்பான கை. இரண்டும் கடிக்கும், அதாவது சுடும்போது விரலிடைச் சதையைக் கிள்ளும் என்கிறார்கள். கிளப் பெரியவர்கள் சொல்வது: "நூறு இருநூறு சுட்டால் தோல் காய்த்துப்போகும், அப்புறம் கடி தெரியாது." உண்மையா? காசு கட்டி, லைசன்ஸுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, கையில் வாங்கிய பிறகு கடித்தால் திருப்பித் தரவும் முடியாது.

3 பிப்ரவரி · வெருலம் பட்டறை

காய்க்காது. உள்ளங்கையில்தான் காய்ப்பு வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை மெத்தென்றுதான் இருக்கும். புண் ஆறும், அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் திரும்பக் கிழியும்.

சுட்டதும் ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) பின்னால் வரும்போது ஹேமரைக் கீழே அழுத்துகிறது. கையைச் சேர்த்துப் பிடித்திருந்தால் விரலிடைச் சதை ஃபிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த நகராத உடல்) வால் பகுதிக்கு மேலே பிதுங்கி நிற்கும். மேலிருந்து ஹேமர், கீழிருந்து வால், நடுவில் சதை. பாக்குவெட்டிதான் அது. வால் குட்டையாக இருந்தாலும் ஹேமர் நீளமாக இருந்தாலும் கடிக்கும். இது அளவுக் கோளாறு. உங்கள் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

3 பிப்ரவரி · டொங்காட்

தீமிதிக்கிற ஊர்க்காரனுக்கு ஹேமர் கடியா பயம்?

3 பிப்ரவரி · வெருலம் பட்டறை

தீமிதியில் ஓடிக் கடந்துவிடலாம் தம்பி. இங்கே அடுத்த தோட்டாவும் அதே இடத்தில்தான்.

4 பிப்ரவரி · மாரிட்ஸ்பர்க் கிழவன்

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பலரும் செய்கிற சோதனை பாதிதான் சரி: ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிட்டு, "இடிக்கவில்லையே" என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். ஹேமர் காக் ஆகி (பின்னால் இழுபட்டு, சுடத் தயாராக) நிற்கும் இடம் வேறு, ஸ்லைடு அதன் மேல் ஏறிப் போகும்போது அது தாழும் இடம் வேறு. இரண்டாவது இன்னும் கீழே. கடி விழுவது அங்கேதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மேகசினை (தோட்டாப் பெட்டி) உருவி, குழலில் தோட்டா நிற்கும் சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்து, கடைக்காரரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹேமரின் அடிப்பக்கத்தில் வெள்ளைப்பலகை மார்க்கரோ லிப்ஸ்டிக்கோ தடவுங்கள் (கடைக்காரரிடம் கேட்டுவிட்டு). சுடும்போது பிடிப்பது போலவே உயரமாக, இறுக்கமாகப் பிடித்து, இடது கையால் ஸ்லைடை மெதுவாகக் கடைசி வரை இழுத்து அப்படியே வையுங்கள். கையில் மை ஒட்டினால் கடி நிச்சயம். ஒட்டாவிட்டால், ஸ்லைடு பின்னால் இருக்கும்போதே ஹேமருக்கும் சதைக்கும் இடையே இரண்டு பேங்க் கார்டு சேர்ந்து நுழைகிறதா என்று பாருங்கள். ஒரு கார்டு 0.76 மிமீ, இரண்டு சேர்ந்தால் ஒன்றரை. அந்த இடைவெளியாவது வேண்டும், ஏனென்றால் உண்மையில் சுடும்போது உதையில் சதை இன்னும் கொஞ்சம் மேலே பிதுங்கும்.

பிப்ரவரி டர்பன் புழுக்கத்தில் வியர்வைக்கையோடு செய்தால் இன்னும் நல்லது. குளிரூட்டிய கடையில் காய்ந்த கை ஏறாது, ரேஞ்சில் ஈரக்கை ஒவ்வொரு உதைக்கும் இடம் மாறும்.

4 பிப்ரவரி · சட்ஸ்வொர்த் 3

ஹை-பவரில் டிரிகர் இழுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஹேமர் விழவில்லை. கெட்டுப்போனதா?

4 பிப்ரவரி · மாரிட்ஸ்பர்க் கிழவன்

காலி மேகசினைப் போட்டு இழுங்கள். மேகசின் இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாதபடி ஹை-பவரில் ஒரு தடுப்பு உண்டு. இது தெரியாமல் நல்ல பிஸ்டலைக் கோளாறு என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

5 பிப்ரவரி · வெருலம் பட்டறை

ஏற்கெனவே கையில் புண் இருக்கிறவர்கள் புண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிள்ளியது போல ஒரே இடத்தில் நசுங்கி, ரத்தக் கொப்புளம் கட்டியிருந்தால் ஹேமர். மெல்லிய இரண்டு கோடுகள் பக்கம் பக்கமாக ஓடினால் அது ஸ்லைடின் அடி ஓரங்கள். முதலாவதுக்குப் பாகம் மாற்றலாம். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் துப்பாக்கியையே மாற்ற வேண்டும்.

வால்தர் பிபிகே இரண்டாவது வகைக்குப் பேர்போனது. 1931-இல் வந்தது, சட்டைப்பைக்கு என்று செய்தது, வால் மிகக் குட்டை, ஸ்லைடு தாழ்வாக ஓடும். பின்னாளில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அமெரிக்காவில் செய்தபோது வாலை நீட்டியதே இந்தக் குறைக்காகத்தான்.

5 பிப்ரவரி · டொங்காட்

.32 பிபிகே வாங்கினால் உதை குறைவு. கடியும் குறையுமே?

5 பிப்ரவரி · வெருலம் பட்டறை

உதை குறையும். கடி அப்படியே இருக்கும். .32-ஆனாலும் .380-ஆனாலும் ஸ்லைடு போகும் வழி ஒன்றுதான், அந்த வழியில் சதை நின்றால் வெட்டும். ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைக் கனமாகப் போட்டால் கடிக்காது என்று சொல்வதும் இதே கணக்குத்தான். ஸ்லைடு கடைசி வரை போனால்தானே அடுத்த தோட்டா ஏறும்? அதைத் தடுக்கும் அளவுக்கு ஸ்பிரிங் கனமானால் காலிக் கூடு வெளியே வராமல் மாட்டும்.

6 பிப்ரவரி · பீனிக்ஸ் அக்கா

கடி பற்றியே பேசுகிறீர்கள். சின்னக் கைக்குக் கடியை விடப் பெரிய தொல்லை கட்டைவிரல் அடிமூட்டு வலி. டிரிகர் எட்டவில்லை என்று கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்போம். அப்போது பிஸ்டலின் பின்பக்கம் விரலிடையில் உட்காராமல் கட்டைவிரல் எலும்பின் மேல் உட்காரும், உதை முழுக்க மூட்டில் இறங்கும். கை வீங்காது, சிவக்காது, ஆனால் மறுநாள் ஜாடி மூடியைத் திறக்க முடியாது.

பார்க்கும் முறை: பிடித்துக் கையை நீட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும். அந்த நிலையிலேயே ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னாலுள்ள சதை டிரிகர் முகத்தில் படணும். எட்டவில்லை என்றால் 1911-இல் வழி இருக்கிறது: குட்டை டிரிகர், தட்டையான மெயின்ஸ்பிரிங் ஹவுசிங் (கைப்பிடியின் பின்பக்கக் கீழ்ப்பாகம்), மெல்லிய கிரிப் பலகை. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு துப்பாக்கி மாதிரி ஆகிவிடும். ஹை-பவரில் மாற்ற அவ்வளவு இல்லை, ஆனால் பதின்மூன்று தோட்டா மேகசினை வைத்துக்கொண்டும் அதன் கைப்பிடி ஆச்சரியமாக ஒடுக்கம்.

6 பிப்ரவரி · டொங்காட்

அக்கா, நம்ம ஊர் இசட்88?

6 பிப்ரவரி · பீனிக்ஸ் அக்கா

கடிக்கவே கடிக்காது. லிட்டில்டனில் செய்த பெரெட்டா 92தானே, வால் நன்றாக நீண்டிருக்கும். ஆனால் கைப்பிடி தடிமன், முதல் தோட்டாவுக்கு, டிரிகரே ஹேமரையும் இழுக்கும் டபுள் ஆக்‌ஷனில் டிரிகர் ரொம்ப முன்னால் இருக்கும். நான் மேலே சொன்ன கட்டைவிரல் மூட்டுத் தொல்லைக்கு நேர் வழி அது. பெரிய கைக்குத் தங்கம்.

10 பிப்ரவரி · சட்ஸ்வொர்த் 3

மை சோதனை செய்தாயிற்று. ஹை-பவரில் பட்டை பட்டையாக ஒட்டியது. நோரின்கோவில் மெல்லிய கோடு, ஓரத்தில் மட்டும். இரண்டும் ஒட்டியதே என்று வருத்தம். கடைக்காரர் சிஇசட் 75 ஒன்றையும் நீட்டினார், அதில் மை துளியும் இல்லை.

10 பிப்ரவரி · மாரிட்ஸ்பர்க் கிழவன்

சிஇசட் 75-இல் ஒட்டாது. அதன் ஸ்லைடு ஃபிரேமுக்கு உள்ளே ஓடுகிறது, வால் ஆழமாகக் கையை அணைத்து மேலே மூடுகிறது. "பழைய பாணி" என்பதற்கு 1975 போதும் என்றால் விவாதத்தை இங்கேயே முடிக்கலாம்.

10 பிப்ரவரி · சட்ஸ்வொர்த் 3

போதாது ஐயா. 1911-ஐயும் ஹை-பவரின் தொடக்க வடிவத்தையும் போட்ட ஜான் பிரவுனிங் கைபட்டது வேண்டும்.

11 பிப்ரவரி · வெருலம் பட்டறை

அப்படியானால் நோரின்கோ. மெல்லிய கோடு என்பது தீர்க்கக்கூடிய கோடு.

1911 வந்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்க ராணுவத்துக்கும் இதே புகார்தான். 1920-களில் செய்த திருத்தத்தில் கிரிப் சேஃப்டியின் (கைப்பிடியின் பின்னால் இருக்கும், அமுக்கினால்தான் சுடவிடும் தடுப்பு) வாலை நீட்டினார்கள், ஹேமர் மூக்கைக் குட்டையாக்கினார்கள், டிரிகரைக் குட்டையாக்கினார்கள், டிரிகருக்குப் பின்னால் ஃபிரேமில் விரலுக்குப் பள்ளம் வெட்டினார்கள். 1911ஏ1 என்ற பெயர் அதற்குத்தான். நோரின்கோ அந்த ஏ1-இன் நகல், ஆகவே பாதி வைத்தியம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. மீதிக்கு, செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக:

முதலில் வாலின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ஜிஐ (பழைய ராணுவ) பாணி கிரிப் சேஃப்டியின் நுனி ஒடுங்கி, ஓரம் கூர்மையாக இருக்கும். சில கைகளில் கடிப்பது ஹேமரே இல்லை, உதையில் இந்த நுனி கீழிருந்து குத்துகிறது. 400 நம்பர் நீர்த்தாளில் எண்ணெய் விட்டு ஓரத்தை மட்டும் உருட்டினால் போதும். கறுப்புப் பூச்சு போகும், அங்கே உடனே கோல்ட் புளூ (சூடாக்காமல் தடவும் கறுப்பு மருந்து) தடவி எண்ணெய் போடாவிட்டால் நம் கடற்கரைக் காற்றில் ஒரு வாரத்தில் துரு.

அடுத்தது ஹேமர். நீள மூக்கை எடுத்துவிட்டுக் கமாண்டர் பாணிக் குட்டை வளைய ஹேமர். உங்கள் மெல்லிய கோட்டுக்கு இதுவே தீர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். இருக்கிற ஹேமரின் மூக்கையே மூன்று மிமீ வெட்டிக் குறைக்கலாம். வெட்டும்போது தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துச் செய்யணும், சூடேறி மறுமுனையில் சியர் (டிரிகர் இழுக்கும் வரை ஹேமரை நிறுத்திவைக்கும் துண்டு) பிடிக்கும் கொக்கிகளின் பதம் போனால் ஹேமரே குப்பை.

கடைசியாக பீவர்டெயில், அதாவது அகன்று நீண்ட வாலுள்ள கிரிப் சேஃப்டி. இதில் இரண்டு வகை. ஃபிரேமைத் தொடாமல் அப்படியே பொருந்துவது ஒன்று. வாலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சந்து தெரியும், அழகு இல்லை, வேலை செய்யும். மற்றது ஃபிரேம் வாலை 0.250 அங்குல வளைவுக்கு இழைத்துப் பொருத்துவது. பார்க்க அருமை, ஆனால் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. எதைப் போட்டாலும் நீள மூக்கு ஹேமர் பெரும்பாலும் அதில் இடிக்கும், ஆகவே வளைய ஹேமர் கூடவே வரணும்.

11 பிப்ரவரி · டொங்காட்

இவ்வளவு செலவு எதற்கு? சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டிக் கைப்பிடியில் மாட்டு. வழுக்காது, கை மேலே ஏறாது, கடிக்காது. நம் பழைய ஸ்டார் பிஎம் என்ற ஸ்பெயின் பிஸ்டலில் எல்லாரும் செய்ததுதான்.

11 பிப்ரவரி · வெருலம் பட்டறை

ஸ்டாரில் செய்யலாம். 1911-இல் கூடவே கூடாது. ஸ்டார் பார்க்க 1911 மாதிரி இருந்தாலும் அதில் கிரிப் சேஃப்டி கிடையாது, பின்பக்கம் வெறும் ஃபிரேம். 1911-இன் பின்பக்கத்தில் டியூபை இழுத்து மாட்டினால் கிரிப் சேஃப்டி எப்போதும் அமுங்கியே இருக்கும். ஒரு பாதுகாப்பைக் கட்டிப்போட்ட மாதிரி. முன்பக்கத்தில் மட்டும் மணல்தாள் மாதிரியான கிரிப் டேப் ஒட்டினால் அதே பலன்.

11 பிப்ரவரி · டொங்காட்

ஸ்டார் என்றுதானே சொன்னேன்.

11 பிப்ரவரி · பீனிக்ஸ் அக்கா

ஸ்டார் வாங்குகிறவர்கள் ஒன்று: எய்பார் கம்பெனி 1997-இல் மூடிவிட்டது. ஹேமர் உடைந்தால் இன்னொரு ஸ்டாரைப் பிரித்துத்தான் எடுக்கணும். வெட்டிக் குறைக்கும் முன் யோசியுங்கள்.

17 பிப்ரவரி · மாரிட்ஸ்பர்க் கிழவன்

வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்க்க வழியில்லை என்று யாரோ நேரில் சொன்னார்கள். இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 22-ஆம் பிரிவு: லைசன்ஸ் உள்ளவர் தன் நேரடிக் கண்காணிப்பில் இன்னொருவரைத் தன் துப்பாக்கியால் சுட விடலாம். கிளப்பில் 1911 வைத்திருப்பவர் பக்கத்திலேயே நிற்க, அவருடைய மேகசின் ஒன்றைச் சுடுங்கள். முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டுக் கையைப் பாருங்கள், பிறகு இரண்டு, பிறகு ஐந்து. முழு மேகசினோடு தொடங்கினால் கடித்த அதிர்ச்சியில் கை சுருங்கி இரண்டாவது டிரிகரும் இழுபட்டுவிடும்.

அப்போதே கூட இருப்பவர் உங்கள் இடது கட்டைவிரலைப் பார்க்கட்டும். ரிவால்வரில் பழகியவர்கள் இடது கட்டைவிரலை வலது கையின் பின்னால் குறுக்கே போடுவார்கள். ரிவால்வரில் ஒன்றும் ஆகாது. இதில் ஸ்லைடு அந்த விரலின் மேல்தான் வந்து நிற்கும், அந்த வெட்டுக்குத் தையல் போட வேண்டிவரும். இரண்டு கட்டைவிரலும் இடப்பக்கம், முன்னோக்கி.

17 பிப்ரவரி · பீனிக்ஸ் அக்கா

நடுவிரல் முட்டி பற்றி யாரும் எழுதவில்லை. கையை நன்றாக மேலே ஏற்றிப் பிடித்தால் டிரிகர் கார்டின் (டிரிகரைச் சுற்றிய வளையம்) அடி மூலை நடுவிரலின் பக்கத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். ஐம்பது தோட்டாவில் சிவக்கும், நூறில் தோல் உரியும். கார்டும் முன்பட்டையும் (கைப்பிடியின் முன்பக்கம்) சேரும் மூலையைத் துப்பாக்கிக் கம்மியர் கொஞ்சம் குடைந்து உருட்டினால் தீரும். முன்பட்டையில் சொரசொரப்பு வெட்டியிருந்தால் அங்குலத்துக்கு இருபது கோடு என்பது அரம் மாதிரி, முப்பது கோடு மெத்தென்று இருக்கும். ரேஞ்சுக்கு முப்பது போதும்.

18 பிப்ரவரி · சட்ஸ்வொர்த் 3

கிளப்பில் ஒருவரின் ஏ1-ஐ அப்படியே சுட்டேன். ஓரத்தில் கிள்ளுகிறது, ரத்தமில்லை. உயரமாகப் பிடித்தபோது இரண்டு முறை டிரிகர் இழுத்தும் சுடவில்லை.

18 பிப்ரவரி · வெருலம் பட்டறை

கிரிப் சேஃப்டி முழுக்க அமுங்கவில்லை. கட்டைவிரலைச் சேஃப்டி லீவர் (ஃபிரேமின் பக்கத்திலுள்ள இன்னொரு தடுப்பு) மேல் வைத்தால் உள்ளங்கையின் நடுப்பகுதி பின்னால் குழிந்துவிடும். புடைப்பு வைத்த பீவர்டெயில் என்று ஒன்று உண்டு, கீழ்ப்பகுதியில் சின்ன மேடு இருக்கும், அதற்கென்றே வந்தது. நீங்கள் எப்படியும் மாற்றப்போகிறவர், அதையே கேளுங்கள். கையைத் தாழ்த்திப் பிடித்தால் இரண்டும் தீரும் என்பார்கள். தீரும்தான், ஆனால் குழல் அதிகமாக மேலே துள்ளும், அடுத்த குறிக்கு நேரம் பிடிக்கும்.

18 பிப்ரவரி · டொங்காட்

இடைக்காலத்துக்கு பிளாஸ்டர் ஒட்டலாமில்லையா, இல்லை அதுவும் கூடாதா?

18 பிப்ரவரி · பீனிக்ஸ் அக்கா

ஒட்டலாம் தம்பி, கோபிக்காதே. துணிப்பட்டை உள்ள ஜிங்க் ஆக்ஸைடு டேப். விரல்களை நன்றாக விரித்துவைத்து ஒட்டணும், மடக்கிவைத்து ஒட்டினால் பிடிக்கும்போது இழுத்துக் கழன்றுவிடும். புண் இருந்தால் சோப்பும் தண்ணீரும், பிறகுதான் டேப். தோட்டாப் புகையில் ஈயம் உண்டு, சானிடைசர் ஜெல் ஈயத்தை எடுக்காது. ரேஞ்சு முடிந்து நேராக பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு) கடைக்குப் போய் விரலால் ரொட்டியைப் பிய்க்கிற கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2 மார்ச் · மாரிட்ஸ்பர்க் கிழவன்

ஹை-பவரை நாம் சீக்கிரமாகவே ஓரங்கட்டிவிட்டோமோ என்று தோன்றுகிறது. மை பட்டை பட்டையாக ஒட்டியது உண்மை. ஆனால் கடிக்காதபடி வெட்டிய ஹேமர்கள் அதற்கும் வருகின்றன, வால் குறை அவ்வளவு பெரிய குறை இல்லை. 2021-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் எஸ்ஏ-35 என்று அதன் மறுபிறவியைக் கொண்டுவந்தபோது ஹேமரைத் திருத்தியே கடியை நிறுத்தினார்கள். எடையும் குறைவு, 9 மிமீயின் உதையும் குறைவு. கிழவன் கைக்கு அதுவே ஒத்துவருகிறது. முதலில் ஹேமரைக் காக் செய்துவிட்டுப் பிறகு ஸ்லைடை இழுத்தால் பாதி வலு போதும் என்பதையும் மூட்டுவலிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம், ஹேமர் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு அப்போது இருக்காது. 1911-க்கும் இது பொருந்தும். குழல் சுடும் திசையில் இருக்கட்டும், விரல் டிரிகருக்கு வெளியே.

2 மார்ச் · வெருலம் பட்டறை

ஹேமர் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹை-பவர் ஹேமர் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுகிற சாமான் இல்லை. கொக்கி சியரில் முழு அகலத்துக்கும் உட்காரணும். ஒரு மூலையில் மட்டும் உட்கார்ந்தால், சில நாள் சுட்டபின் ஒரே இழுப்பில் இரண்டு போகும். அது உயிருக்கும் ஆபத்து, முழுத்தானியங்கியைத் தடைசெய்யும் சட்டத்தின் முன்னாலும் போய் நிற்க வேண்டிவரும். பதிவுபெற்ற கம்மியரிடமே கொடுங்கள்.

9 மார்ச் · சட்ஸ்வொர்த் 3

நோரின்கோவுக்கே காசு கட்டிவிட்டேன். லைசன்ஸ் வந்ததும் வளைய ஹேமரும் புடைப்பு பீவர்டெயிலும் கம்மியர் கையால். அவர் முடித்துத் தரும்போது நான் என்ன பார்க்கணும்?

9 மார்ச் · வெருலம் பட்டறை

காலித் துப்பாக்கியில், அவர் முன்னாலேயே.

காக் செய்து, லீவர் சேஃப்டியை இறக்கிவிட்டு, கிரிப் சேஃப்டியைத் தொடாமல் ஃபிரேமின் பக்கங்களைப் பிடித்து டிரிகரை இழுங்கள். ஹேமர் விழக்கூடாது. அமுக்கி இழுத்தால் விழணும். பிறகு மறுபடி காக் செய்து லீவர் சேஃப்டியை ஏற்றி டிரிகரை அழுத்தமாக இழுத்து விடுங்கள், லீவரை இறக்குங்கள், காதருகே வைத்து ஹேமரை மெதுவாகக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளுங்கள். "டிக்" என்று சின்னச் சத்தம் கேட்டால் சியர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசின் இல்லாமல் விட்டால் ஹேமர் கூடவே விழக்கூடாது. அதையும் இரண்டு முறைக்கு மேல் செய்யாதீர்கள், தோட்டா இல்லாமல் ஸ்லைடு அறைவது புதுச் சியருக்கு நல்லதல்ல.

அது முடிந்ததும் மார்க்கரை எடுத்து மை சோதனையை இன்னொரு தடவை.

9 மார்ச் · டொங்காட்

லிப்ஸ்டிக் என்றால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகவும்.